கூத்துப் பயிற்சிக்குச் சிறு நிதி கிடைக்க வழி தேவை

செய்யாறு பகுதியில் பாரதக் கூத்து நடத்தும் 14 பேர் கொண்ட குழு எங்களுடையது. மழைக்காலத்தில் கூத்து இல்லாத மூன்று மாதங்களில் ஊர்ப் பிள்ளைகள் 20 பேருக்கு அடவும் பாட்டும் முகவீணை என்னும் சிறு ஊதுகுழல் கருவியும் கற்றுத்தர விரும்புகிறோம். அதற்கு ரூ.60,000 தேவை; அதில் பெரும்பகுதி, கல்யாண முருங்கை மரத்தில் கடைந்த கிரீடங்களையும் தோளில் அணியும் புஜக்கட்டைகளையும் புதிதாகச் செய்யவும் ஒரு ஆர்மோனியம் வாங்கவும் செலவாகும்.

2022-இல் ஒரு அறக்கட்டளைக்கு விண்ணப்பித்தபோது, பதிவு செய்யாத குழு என்று திருப்பி அனுப்பினார்கள். எனவே 2023-இல் தமிழ்நாடு சங்கங்கள் பதிவுச் சட்டம், 1975-இன் கீழ் ஏழு உறுப்பினர்களுடன் பதிவு செய்து, சங்கத்தின் பெயரிலேயே பான் அட்டையும் வங்கிக் கணக்கும் பெற்றோம். இப்போது கேட்ட இடமெல்லாம் மூன்றாண்டுத் தணிக்கைக் கணக்கைக் கேட்கிறார்கள். எங்களிடம் இருப்பது ஓராண்டுக் கணக்கு மட்டுமே. தனிக் கலைஞர்களுக்கான அரசு உதவியில் எங்களில் இருவர் தங்கள் ஆடை அணிகளை வாங்கிக்கொண்டார்கள் என்றாலும், பயிற்சி வகுப்புக்கு அது பொருந்தவில்லை. ஊரில் திரட்டிய ரூ.11,500 கையில் இருக்கிறது.

எங்கள் முகவீணைக் கலைஞருக்கு 71 வயது. அவரிடம் கற்றுக்கொள்ள இன்னும் ஒருவரும் அமையவில்லை என்பதால் இந்த ஆண்டைத் தவறவிட மனம் ஒப்பவில்லை.

மூன்றாண்டுக் கணக்கு இல்லாத புதிய சங்கம், பழைய பதிவுள்ள வேறொரு அமைப்பின் வழியாக விண்ணப்பித்து நிதி பெற்ற அனுபவம் உங்களில் யாருக்கேனும் உண்டா?