உதவி: சாப்பாட்டறை சைட்போர்ட், எப்பிடி அடுக்கினாலும் கடை மாதிரித்தான் கிடக்கு

கோண்டாவில் கிளி
வணக்கம். எங்கட சாப்பாட்டறையில அம்மம்மாட காலத்துச் சைட்போர்ட் ஒண்டு இருக்கு. முதிரை மரம். 6 அடி நீளம், ஒண்டரை அடி அகலம், 3 அடி உயரம். நடுவில லாச்சியள், ரெண்டு பக்கமும் கதவு. 95 யாழ்ப்பாண இடப்பெயர்வு முடிஞ்சு திரும்பி வரேக்க வீட்டில மிஞ்சிக் கிடந்த பெரிய தளபாடம் இது ஒண்டுதானாம். இடப்பக்கக் கதவை ஆரோ கழட்டிக்கொண்டு போயிட்டினம். அப்பா பிறகு வேப்பம் பலகையில ஒரு கதவு செய்விச்சவர், நிறம் ஒட்டாது. அதால இதை விக்கிறது, மாத்திறது எண்ட கதையே வீட்டில எடுக்கேலாது.

பிரச்சினை மேல்பக்கம். ரௌட்டர், அம்மாட சீனி வருத்தக் குளிசை, மா ரின், நேரம் ஓடாத மணிக்கூடு எல்லாம் அதுக்கு மேலதான். அதையெல்லாம் எடுத்துப்போட்டு மூக்குப்பேணி, செம்பு, குத்துவிளக்கு, பூச்சாடி எண்டு வரிசையா வைச்சுப் பார்த்தன். பாத்திரக்கடை மாதிரி வந்திட்டுது. சுவரில அப்பப்பா, அப்பம்மாட மாலை போட்ட படங்கள் முகட்டுக்குக் கிட்டத் தொங்குது. அதுக்கும் சைட்போர்ட்டுக்கும் இடையில வெறும் சுவர், அதுவும் கீழ்ப்பக்கம் பெயின்ற் பொருமி வெள்ளையாக் கொட்டுது.

நல்லூர்த் திருவிழாவுக்குக் கனடாவில இருந்து அக்கா குடும்பம் வருகினம். சாப்பாடும் உதிலதான் வைச்சுப் பரிமாற வேணும். ஆராவது வழி சொல்லுங்கோ.

முற்றத்து மல்லிகை
தங்கச்சி, சாமானில பிழையில்லை, வரிசைதான் பிழை. எல்லாம் ஒரே உயரத்தில, ஒரே இடைவெளியில, சுவரோட முதுகை ஒட்டி நிண்டால் விக்க வைச்ச மாதிரித்தான் தெரியும்.

முதல்ல மேல்பலகையை முழுக்க வெறுமையாக்குங்கோ. குசினி வாசல் எந்தப் பக்கம்? அந்தப் பக்கத்து அரைவாசியில ஒண்டும் வைக்க வேண்டாம், அது பரிமாறுற இடம். மற்ற அரைவாசியில மட்டும் சோடினை. குத்துவிளக்கைப் பின்னுக்கு வையுங்கோ, அதுதான் உயரம். அதுக்கு முன்னால கொஞ்சம் விலத்திச் செம்பு, அதின்ர அரைவாசியை மறைச்சாப்போல ஒரு மூக்குப்பேணி. ஒண்டு மற்றதைக் கொஞ்சம் மறைக்க வேணும், அப்பதான் எல்லாம் சேர்ந்து ஒரு கூட்டமாத் தெரியும். ஒரு கூட்டத்துக்கு மூண்டு சாமான் காணும். மிச்சப் பித்தளையைக் கதவுக்குள்ள வைச்சு, அலுக்கேக்க மாத்தி மாத்தி எடுங்கோ.

குளிசையை லாச்சிக்குள்ள ஒளிச்சால் அம்மா போடாமல் விட்டிடுவா. மூடி போட்ட பனையோலைப் பெட்டி ஒண்டுக்குள்ள மேலேயே வைச்சுவிடுங்கோ. ரௌட்டரையும் ஓலைப்பெட்டிக்குப் பின்னால மறைக்கலாம், ஓலை சிக்னலை மறிக்காது. ஆனா பெட்டிக்குள்ள போட்டு மூட வேண்டாம், சூடாகும்.

தூரத்து மச்சாள்
நான் லண்டனில் இருந்து. மேலே தொங்குவது எதுவாக இருந்தாலும் அதன் அகலம் சைட்போர்ட்டின் மூன்றில் இரண்டு பங்கு வந்தால் கண்ணுக்குச் சரியாக இருக்கும். உங்களுடையதற்கு 4 அடி. மேல்பலகைக்கும் சட்டத்தின் கீழ் விளிம்புக்கும் 6 முதல் 8 அங்குலம் போதும். படம் மட்டும் முகட்டோடு போனால் சைட்போர்ட் வேறு, படம் வேறாகப் பிரிந்து நிற்கும். 4 அடிக் கண்ணாடி ஒன்று, ஓரத்தில் ஒரு மேசை லாம்பு, அவ்வளவுதான். கதவு நிறம் ஒத்துவராவிட்டால் முழுவதற்கும் வெள்ளைப் பெயின்ற் அடித்துவிடுங்கள், இங்கே பலர் அப்படித்தான் செய்கிறார்கள்.

உளிச்சத்தம்
முதிரைக்கு வெள்ளைப் பெயின்றோ? மச்சாள், உங்களுக்குப் புண்ணியமாப் போகும், அந்தக் கதையை விடுங்கோ. வேம்பு செம்மண்ணிறம், முதிரை பொன் மஞ்சள். சாயம் பூசி ரெண்டையும் ஒண்டாக்கிறது வில்லங்கம். ரெண்டு கதவுக்கும் லாச்சியளுக்கும் ஒரே மாதிரிப் பித்தளைப் பிடி போடுங்கோ. பார்க்கிற கண் முதல்ல பிடியிலதான் விழும், பலகை நிறம் பிறகுதான். அப்பா செய்விச்ச கதவு அப்பிடியே இருக்கட்டும்.

சோடிக்க முதல் சுவரைப் பாருங்கோ. கொட்டுற வெள்ளை உப்பு. நிலத்து ஈரம் சுவருக்குள்ளால ஏறி, மேல வந்து காயேக்க உப்பை விட்டிட்டுப் போகும். அதுக்கு மேல பிளாஸ்ரிக் பெயின்ற் அடிச்சால் ஈரம் போக வழியில்லாமல் திரும்பவும் பொருமும். உங்கட பழைய சுண்ணாம்புச் சாந்துச் சுவர் எண்டால், பொருமினதைச் சுரண்டி, காஞ்ச தும்புத்தடியால உப்பைத் தட்டி, சுண்ணாம்புதான் அடிக்க வேணும். தண்ணி ஊத்திக் கழுவ வேண்டாம், உப்பு கரைஞ்சு திரும்ப உள்ள போயிடும். ஈரத்தின்ர மூலத்தைப் பிடிக்காட்டி ஒருநாளும் முழுக்க நிக்காதுதான், ஆனா சுண்ணாம்பு எண்டால் சுவர் மூச்சு விடும். மாரி துடங்க முதல் செய்யுங்கோ. சைட்போர்ட்டையும் சுவரில இருந்து 2 அங்குலம் முன்னுக்கு இழுத்துவிடுங்கோ. காத்து ஓடும், கறையான் மண் பிடிச்சாலும் உடன கண்டுபிடிக்கலாம்.

இன்னொண்டு, பொலிஷ் பழைய அரக்குப் பொலிஷா எண்டு பாருங்கோ. கதவுக்கு உள்பக்கம் தெரியாத இடத்தில ஸ்பிரிட் ஒரு சொட்டு. பிசுபிசுத்தால் அரக்கு. அப்பிடியெண்டால் சூட்டுப் பாத்திரத்தை நேர வைக்காதேங்கோ, வெள்ளை வளையம் விழும். கை துடைக்கிற சானிடைசரும் அதுக்குக் கிட்ட வரக்கூடாது. பிளாஸ்ரிக் விரிப்பும் வேண்டாம், நாள்பட்டால் பொலிஷோட ஒட்டிப் பிடிக்கும்.

கோண்டாவில் கிளி
எல்லாருக்கும் நன்றி. குசினி வாசல் வலப்பக்கம். மல்லிகை அக்கா சொன்ன மாதிரி இடப்பக்கம் மட்டும் வைச்சுப் பார்த்தன், இப்பதான் வீடு மாதிரி இருக்கு. பொலிஷ் அரக்குத்தான், பிசுபிசுத்தது. ஓலைப்பெட்டிக்கு அம்மாவும் ஓமெண்டிட்டா.

சிக்கல் அப்பப்பா, அப்பம்மா படம். கீழ இறக்கினால் கறிச்சட்டிக்குப் பக்கத்தில வந்திடும், அம்மா விடமாட்டா. அதோட சாப்பாட்டை எந்த ஒழுங்கில வைக்கிறது? மேசைக்கும் சைட்போர்ட்டுக்கும் இடையில இப்ப ரெண்டரை அடிதான்.

முற்றத்து மல்லிகை
அம்மா சொல்றது சரி. அந்தப் படங்களை ஹோலுக்கு மாத்துங்கோ, வாறவைக்கும் முதல்ல தெரியும். சாப்பாட்டறையில தொங்க வேண்டிய ஆக்கள் இல்லை அவை.

ரெண்டரை அடி காணாது. ஆள் கதிரையை இழுத்து எழும்பேக்க பின்னால ஒருத்தர் கோப்பையோட நிக்க வேணும், குறைஞ்சது 3 அடி விடுங்கோ. மேசையைத் தள்ளேலாட்டி அந்தப் பக்கத்துக் கதிரையளை எடுத்துவிடுங்கோ.

ஒழுங்கு இதுதான்: குசினிப் பக்க ஓரத்தில கோப்பையள், அடுத்தது புட்டு, இடியப்பம், பிறகு கறி, சம்பல், கடைசியாச் சொதி. சொதியை முதல்ல வாத்தால் மிச்சத்தை ஆரும் ஒழுங்கா எடுக்கமாட்டினம், பலகையிலும் சிந்தும். தண்ணியும் பேணியும் இதில வேண்டாம், சாப்பாட்டு மேசையில வையுங்கோ. சட்டிக்குக் கீழ பனையோலைத் தடுக்கு போட்டால் உளிச்சத்தம் அண்ணை சொன்ன வளையம் விழுறது குறையும்.

பித்தளையைத் திருவிழாவுக்கு மினுக்குவியள்தானே. பழப்புளி போட்டுத் தேய்ச்சால், புளி ஒரு துளியும் இல்லாமல் கழுவி உடன துடையுங்கோ, இல்லாட்டிப் பச்சைக் களிம்பு பிடிக்கும். உள்ள வெள்ளீயம் பூசாத பித்தளைப் பாத்திரத்தில புளி, தேசிக்காய் விட்ட கறி பரிமாற வேண்டாம். அழகுக்கு மட்டும் வையுங்கோ.

கோண்டாவில் கிளி
அப்ப அந்த வெறும் சுவருக்கு மச்சாள் சொன்ன கண்ணாடியையே போடுவமோ? 4 அடிக் கண்ணாடி பாரமெல்லோ. ஆணி அடிக்கேக்க சாந்து பொலபொலவெண்டு உதிருது.

தூரத்து மச்சாள்
பெயின்ற் கதையை மீளப் பெற்றுக்கொள்கிறேன் அண்ணை! கண்ணாடியைத் தொங்கவிடவே தேவையில்லை. சைட்போர்ட்டின் மேல் நிறுத்தி, சற்றுச் சாய்த்து வைக்கலாம். அதில் என்ன தெரிகிறது என்று முதலில் பாருங்கள். யன்னல் தெரிந்தால் நல்லது, குசினித் தொட்டி தெரிந்தால் கொஞ்சம் நகர்த்துங்கள். லாம்புக்கு மஞ்சள் வெளிச்ச எல்ஈடி போடுங்கள், வெள்ளை வெளிச்சத்தில் சாப்பாடு வெளிறித் தெரியும்.

உளிச்சத்தம்
நிறுத்தலாம், ஆனா சும்மா சாய்ச்சு விடாதேங்கோ. சோளகக் காத்து அடிக்கிற நேரம், யன்னல் திறந்தால் ஆட்டும், சின்னப் பிள்ளையளும் வருகினம். கீழ விளிம்புக்கு முன்னால மெல்லிய மரச்சட்டம் ஒண்டு வைச்சால் வழுக்காது. மேல ரெண்டு மூலையையும் கம்பியால சுவரோட கட்டுங்கோ. சாந்தில ஆணி நிக்காது, உள்ள கல்லு வரைக்கும் துளைச்சுப் பிளக் போட்டு ஸ்குறூ இறுக்க வேணும். கண்ணாடிக்கும் சுவருக்கும் இடையில மேல் மூலையில ரெண்டு மரக்கட்டை வையுங்கோ. ஈரச் சுவரோட முதுகு ஒட்டினால் பின்பக்க ரசம் கறுத்துப் போகும்.