புதுப்பிப்பு: கிருஷ்ணகிரியிலிருந்து நாயோடு மரக்காணம் கடற்கரை

காரில் வாந்தி எடுக்கும் நாயைக் கூட்டமில்லாத கடற்கரைக்கு எப்படிக் கொண்டுபோவது என்று கேட்டிருந்தேன். பதில் சொன்னவர்களுக்கு நன்றி.

ஊத்தங்கரை, செங்கம், திருவண்ணாமலை, செஞ்சி, திண்டிவனம் வழி. கிளம்ப நாலு மணி நேரம் முன்பே சாப்பாட்டை நிறுத்தச் சொன்ன யோசனைதான் பலித்தது. தண்ணீர் மட்டும் கொஞ்சம் கொஞ்சமாக. வாந்தியே இல்லை. (இன்னொரு யோசனையான இஞ்சி பிஸ்கட்டை நாய் மோந்துகூடப் பார்க்கவில்லை.)

வெயிலில் சுடும் மணலில் புறங்கையை ஏழு விநாடி வைக்க முடியாவிட்டால் நாயின் பாதமும் தாங்காது. கடல்நீர் குடித்தால் பேதியாகும். குடிதண்ணீர் தாராளமாக எடுத்துப் போங்கள்.

எதிர்பாராதது, வலையிலிருந்து உதறிப்போட்ட பேத்தை என்ற விஷ மீன்கள். வயிறு உப்பி, கருவாடாய்க் காய்ந்து கிடக்கும். காய்ந்தாலும் விஷம் போகாது, நாய்க்கு உயிராபத்து. தூண்டில் முள்ளும் மணலில் புதைந்திருக்கும். வலை உலர்த்தும் பக்கம் நாயின் கயிற்றை அவிழ்க்கவே வேண்டாம். திரும்பும்முன் அதன் விரலிடுக்கை நல்ல தண்ணீரில் கழுவித் துடையுங்கள். உப்பு காய்ந்தால் நக்கியே புண்ணாக்கிக்கொள்ளும்.