எவராலும் தொட முடியாத எண்பது

வாசகரின் தேர்வுகளுக்கு ஏற்பக் கதை மாறும் விளையாட்டுகளை எழுத உதவும் கணினி மொழி சாய்ஸ்ஸ்கிரிப்ட். அதில் நான் எழுதிய முதல் கதையின் நாயகன் தூத்துக்குடித் தோணி ஒன்றின் தண்டல், அதாவது தலைவன். நான்காம் அத்தியாயத்தில் புயல் அடிக்கும்போது, சரக்கைக் கடலில் தள்ளிவிட்டுத் தப்புவதா, காற்றை எதிர்த்து நிற்பதா என்று அவன் முடிவெடுக்க வேண்டும். முந்தைய தேர்வுகளால் ஏறி இறங்கும் துணிவு என்ற பண்பின் மதிப்பு, எதிர்த்து நிற்பவனுக்கு 80 அல்லது அதற்கு மேல் இருந்தால் சரக்கு பிழைக்கும். அந்த 80-ஐ நான் கணக்குப் போட்டு வைக்கவில்லை. நூற்றுக்கு எண்பது என்றால் கெட்டிக்காரன் என்று பள்ளிக்கூடத்தில் மனத்தில் படிந்ததுதான் காரணமாக இருந்திருக்க வேண்டும்.

வாசித்துப் பார்த்த நண்பர்களில் எதிர்த்து நின்றவர்கள் அனைவருமே சரக்கை இழந்தார்கள். முதல் பக்கத்திலிருந்து துணிச்சலான தேர்வுகளை மட்டுமே எடுத்த ஒருவர், இதற்கு மேலும் தண்டலை எப்படித் துணிந்தவனாக்குவது என்று கேட்டபோது, அவர் எங்கோ தவறவிட்டிருப்பார் என்று சாதித்தேன். அன்றிரவு தாளை எடுத்து உட்கார்ந்த பிறகுதான் தவறு யாருடையது என்று விளங்கியது.

அந்த மொழியில் ஃபேர்மேத் என்றொரு கணக்கு முறை உண்டு. பண்பின் மதிப்பை 20 விழுக்காடு கூட்டச் சொன்னால், 100-ஐ எட்ட இன்னும் எவ்வளவு மீதமிருக்கிறதோ அதில்தான் 20 விழுக்காடு கூடும். ஆகவே 50-இல் தொடங்கும் துணிவு முதல் முறை 60, அடுத்து 68, பிறகு 74, நான்காம் முறை 79 என்று தளர்ந்து தளர்ந்தே ஏறும். புயலுக்கு முன்பு துணிவைக் கூட்டும் வாய்ப்புகளாக நான் எழுதியிருந்தவை சரியாக நான்கு. அனைத்தையும் எடுத்தவருக்கும் ஓர் எண் குறைந்தது. இறங்கும்போதோ நிலைமை வேறு: 68-இல் நிற்பவருக்கு 20 விழுக்காடு குறைத்தால் 55-க்கு வந்துவிடுவார், இரண்டு அத்தியாயச் சேமிப்பின் பெரும்பகுதி ஒரே தவறில் கரைந்துபோகும்.

கதையைத் தானே பலமுறை ஆடிப் பார்க்கும் ரேண்டம்டெஸ்ட் என்னும் சோதனைக் கருவியை முன்பே ஓட்டியிருந்தால், பத்தாயிரம் ஆட்டங்களில் அந்த வெற்றி வரியை ஒருமுறைகூடத் தொடவில்லை என்று அதுவே சொல்லியிருக்கும். ஆனால் அந்தக் கருவியை முழுமையாக நம்புவதும் தவறு. அது கண்ணை மூடிக்கொண்டு தேர்வு செய்யும். மனிதர்கள் அப்படி ஆடுவதில்லை, ஒரு குணத்தைப் பிடித்துக்கொண்டு அதையே வளர்ப்பார்கள். கருவியின் கணக்கில் அரிதாகத் தெரியும் வெற்றி, உண்மையான வாசகர்களுக்கு எளிதாக அமைந்துவிடலாம். இறுதியில் எல்லையை 65 என்று வைத்தேன்: நான்கில் இரண்டு முறை துணிந்து, இடையில் சறுக்காதவர் தாண்டிவிடுவார்.

துணிவு, உறுதி என்று இரண்டு தனிப் பண்புகள் வைத்திருந்ததையும் அப்போதே ஒன்றாக்கினேன். காற்றை எதிர்த்து நிற்பதற்கு எது வேண்டும் என்று எழுதிய எனக்கே இருமுறை குழப்பம் வந்தது என்றால், வாசகர் எப்படி ஊகிப்பார்?

* * *

மேலே உள்ள தோணிக் கதை அனுபவத்தை எழுதியவர் வேறொருவர். அதை வாசித்தபோது, என் கதை ஒன்றில் பகடையை நம்பி நான் பட்ட பாடு நினைவுக்கு வந்தது. 1982-இல் வெளிவந்த 'தி வார்லாக் ஆஃப் ஃபயர்டாப் மவுண்டன்' விளையாட்டுப் புத்தகத்தில் அதிர்ஷ்டம் என்ற பண்புக்கு ஒரு பகடையை உருட்டி 6-ஐக் கூட்ட வேண்டும். பிறகு சோதிக்கும் ஒவ்வொரு முறையும் இரண்டு பகடைகளின் கூட்டுத்தொகை அதற்கு மிகாமல் வந்தால் வெற்றி. எப்படி வந்தாலும் அதிர்ஷ்டத்தில் ஒன்று குறையும். நான் அந்த விதியை என் கதைக்கு அப்படியே எடுத்துக்கொண்டு, சோதனைகளைக் கட்டாயமாக்கினேன். தொடக்கத்தில் 1 விழுந்தவருக்கு முதல் சோதனையில் வாய்ப்பு 58 விழுக்காடு, அடுத்ததில் 42, மூன்றாவதில் 28. 6 விழுந்தவரோ முதல் சோதனையில் தோற்கவே முடியாது. கதை தொடங்கும் முன்பே பாதி முடிந்துவிட்டது என்று ஒரு வாசகர் எழுதியது நியாயமே.

இப்போது சோதிப்பதா வேண்டாமா என்பதை வாசகரிடமே விட்டிருக்கிறேன். மறுப்பவருக்குச் சிறிய, ஆனால் உறுதியான இழப்பு ஒன்று உண்டு. கடைசிக் காட்சிக்கு அதிர்ஷ்டம் 3-உடன் வந்து சேர்ந்த ஒருவர், பகடையைத் தொடாமலேயே கோட்டைச் சாவியை எதிரியிடம் கொடுத்துவிட்டார். அந்தப் பக்கத்தை நான் இரண்டே வரியில் எழுதி வைத்திருந்தேன். இப்போது அதை விரித்து எழுதிக்கொண்டிருக்கிறேன்.