முப்பதாவது மாதம்

குழு: நம்ம வீடு
வெள்ளி, 28 மார்ச் 2025

அத்தை, காலை 6:50
(படம்)
டியூஷன் பிள்ளைகளின் பெற்றோரைப் பார்க்க 42 கடிதம் நேற்று சாயங்காலம் பிரிண்ட் எடுத்தேன். இப்போதுதான் ஒழுங்காகப் பார்க்கிறேன். "நாள்: 05-30-2025" என்று இருக்கிறது. நான் சொன்னது ஏப்ரல் 5, காலை பத்தரை. 30ஆவது மாதம் என்று ஒன்று உண்டா?

அம்மா, 6:53
அண்ணி, எல்லாக் கடிதத்திலும் அப்படியா?

அத்தை, 6:55
ஒன்றில் 05-15, ஒன்றில் 05-45. முதல் கடிதத்தில் 05-00. ஆறு பிள்ளைகளிடம் நேற்றே கொடுத்தனுப்பிவிட்டேன். ஒரு பையனின் அம்மா காலையிலேயே போன் செய்து, "மே 30 லீவு நாளாச்சே, வரணுமா டீச்சர்" என்று கேட்கிறார். எனக்குக் கை கால் ஓடவில்லை.

அக்கா (நியூஜெர்சி), 6:58
அத்தை, இங்கே மாதத்தைத்தான் முதலில் எழுதுவார்கள். 05-30 என்றால் மே 30தான். உங்கள் கம்ப்யூட்டர் அமெரிக்க முறைக்கு மாறியிருக்கும்.

நான், 7:01
அப்படியென்றால் 05-45 எப்படி வரும் அக்கா? அங்கேயும் 45ஆம் தேதி கிடையாதே. அத்தை, 05-00 வந்த பிள்ளையின் வீட்டாரை எத்தனை மணிக்கு வரச் சொன்னீர்கள்?

அத்தை, 7:02
பத்து மணிக்கு.

நான், 7:02
05-45?

அத்தை, 7:03
பத்தே முக்கால்.

நான், 7:04
அது மாதமே இல்லை அத்தை. மாதம் இருக்க வேண்டிய இடத்தில் நிமிடம் உட்கார்ந்திருக்கிறது. டெம்ப்ளேட் யார் செய்தது?

தம்பி, 7:09
நான்தான் அக்கா. பட்டியல் எக்செலில் இருக்கிறது, கடிதம் வேர்டில்; பட்டியலிலிருந்து ஒவ்வொரு பெயரையும் தேதியையும் எடுத்துக் கடிதத்தில் தானே நிரப்பும் மெயில் மெர்ஜ். முதலில் 4/5/2025 என்று அமெரிக்க வரிசையில்தான் வந்தது. நம் ஊரில் அதை மே 4 என்று படிப்பார்களே என்று ஃபார்மட் போட்டேன். எக்செலில் சின்ன எம் (m) இரண்டு அடித்தபோது மாதம் சரியாக வந்தது. அதையே வேர்டிலும் அடித்தேன்.

நான், 7:16
நீ யோசித்தது சரிதான்டா. எழுத்தில்தான் சிக்கல். எக்செல் அக்கம்பக்கம் பார்த்து முடிவு செய்யும். மணிக்கான எழுத்துக்கு அடுத்து எம் வந்தாலோ, விநாடிக்கான எழுத்துக்கு முன்னால் வந்தாலோ அதை நிமிடம் என்று எடுத்துக்கொள்ளும். இல்லையென்றால் மாதம். வேர்டு அப்படிப் பார்க்காது. பெரிய எம் மாதம், சின்ன எம் நிமிடம், அவ்வளவுதான். உன் பட்டியலில் தேதியும் நேரமும் ஒரே கட்டத்தில் இருக்கிறது, அதனால் நிமிடத்தை எடுத்துப் போட்டுவிட்டது.

பெரியப்பா, 7:20
ஒரே கட்டத்தில் இருந்தால் அதற்கு எப்படிப் பிரிக்கத் தெரிகிறது?

நான், 7:25
எக்செலுக்குத் தேதி என்பது உள்ளே வெறும் எண்தான் பெரியப்பா. 1900 ஜனவரி 1ஐ 1 என்று வைத்து எண்ணிக்கொண்டே வரும். இந்த ஏப்ரல் 5 அதன் கணக்கில் 45752. ஒரு நாளின் பகுதியாக நேரத்தைத் தசமத்தில் வைக்கும். காலை பத்தரை என்றால் 45752.4375. நாம் பார்க்கும் நாள், மாதம், மணி எல்லாம் அந்த எண்ணுக்குப் போடுகிற சட்டைதான். அதனால் பட்டியல் கெடவில்லை. டெம்ப்ளேட்டில் ஒரு வரியை மாற்றினால் போதும்.

தம்பி, 7:27
எதை மாற்றுவது என்று சொல்லுங்கள், இப்போதே செய்கிறேன்.

நான், 7:33
வேர்டில் ஆல்ட்டும் எஃப்9ம் சேர்த்து அழுத்து. தேதி வரும் இடத்தில் மறைந்திருக்கும் கட்டளை தெரியும். \@ என்ற குறிக்குப் பிறகு மேற்கோளுக்குள் நீ அடித்தது இருக்கும். அதில் நடுவில் உள்ள இரண்டு எம்மையும் பெரிய எழுத்தாக்கினால் 05-04-2025 வந்துவிடும். ஆனால் அத்தோடு விடாதே. பெரிய எம் நான்கு அடி, மாதத்தின் பெயரே முழுதாக வரும். டி நான்கு அடித்தால் கிழமையும் வரும்.

அக்கா (நியூஜெர்சி), 7:36
அதைச் செய் தம்பி. 05-04 என்று எண்ணாக மட்டும் பார்த்தால் நான் இங்கே மே 4 என்றுதான் படிப்பேன். பெயர் இருந்தால் யாருக்கும் குழப்பம் வராது.

அத்தை, 7:38
பெயர் இங்கிலீஷில் வருமே கண்ணு. பாதிப் பேர் வீட்டில் பாட்டிமார்தான் கடிதத்தை வாங்கிப் படிக்கிறார்கள்.

நான், 7:44
அதற்கும் வழி இருக்கிறது அத்தை. தம்பி, எக்செலில் தேதிக்குப் பக்கத்தில் புதிதாக ஒரு நெடுக்குப் பத்தி சேர். தேதியை எழுத்தாக மாற்றும் டெக்ஸ்ட் ஃபங்ஷன் போட்டு, ஃபார்மட்டின் தொடக்கத்தில் [$-449] என்று எழுது. அது தமிழுக்கான எண். மாதமும் கிழமையும் தமிழில் வரும். அங்கே சின்ன எம்மே சரி. வேர்டில் அந்தப் பத்தியைச் சேர்த்துக்கொள், \@ வேண்டாம். எழுத்தாக மாறிவிட்டதால் வந்தபடியே அச்சாகும்.

தம்பி, 7:46
எல்லா இடத்திலும் பெரிய எம்தான் மாதம் என்று வைத்துக்கொள்ளலாமா?

நான், 7:52
கூடவே கூடாது. நான் வேலையில் பைத்தான் என்ற புரோகிராம் மொழியில் எழுதுகிறேன், அதில் நேர்மாறு: சதவீதக் குறியோடு சின்ன எம் மாதம், பெரிய எம் நிமிடம். பிஎச்பி என்ற இன்னொரு மொழியில் நிமிடத்துக்கு ஐ (i). ஜாவா மொழியில் ஆண்டுக்கான ஒய்யைப் (y) பெரிதாக அடித்தால் அது வாரக் கணக்கு ஆண்டு, டிசம்பர் கடைசி நாட்களில் அடுத்த வருடத்தைக் காட்டிவிடும். மற்ற நாளெல்லாம் சரியாக இருப்பதால் யாரும் கவனிப்பதில்லை. அதனால் எந்த டெம்ப்ளேட் செய்தாலும் 23ஆம் தேதி மாலை 5:45 மாதிரி ஒன்றைப் போட்டுப் பார். நாள் 12ஐத் தாண்ட வேண்டும், நிமிடமும் 12ஐத் தாண்ட வேண்டும், நேரம் மதியத்துக்கு மேல் இருக்க வேண்டும். எது இடம் மாறினாலும் உடனே தெரியும்.

தம்பி, 8:20
(படம்)
பாருங்கள் அத்தை. தமிழில் கிழமை, ஏப்ரல் 5, 2025, காலை 10:30. காலை, மாலை என்பதை மட்டும் நானே தனிப் பத்தியில் அடித்தேன். 42 பெயரையும் ஒவ்வொன்றாகச் சரிபார்த்துவிட்டேன்.

அத்தை, 8:24
கண்ணுக்கு எவ்வளவு நிறைவாக இருக்கிறது தெரியுமா! அந்த ஆறு வீட்டுக்கும் போன் செய்யட்டுமா, புதுக் கடிதமே கொடுக்கட்டுமா?

அம்மா, 8:26
இரண்டும் செய்யுங்கள் அண்ணி. பழைய தாளைக் கையோடு வாங்கிக்கொள்ளுங்கள், இல்லையென்றால் அதுதான் ஃபிரிட்ஜ் கதவில் ஒட்டியிருக்கும்.

பெரியப்பா, 8:29
ஆறு கடிதத்தையும் எடுத்து வை தங்கச்சி. ஒன்பது மணிக்குள் வண்டியில் வருகிறேன், பள்ளிக்கூடம் கிளம்புவதற்குள் பக்கத்து இரண்டு தெருவிலும் கொடுத்துவிடலாம்.