ஓநாய்ச் சிலந்தியா, பிள்ளைசுமப்பானா?

அண்ணே, வணக்கம். நம் பட்டியலில் 'உல்ஃப் ஸ்பைடர்' என்ற சிலந்திக்குத் தமிழ்ப் பெயராக 'ஓநாய்ச் சிலந்தி' என்றே வைத்துவிடலாம் என்று எழுதியிருந்தீர்கள். எனக்கு ஒட்டவில்லை. கிரேக்கத்தில் ஓநாய்க்கு லைக்கோஸ். அதை வைத்துத்தான் 1804-இல் லைக்கோசா என்ற பேரினமும் 1833-இல் லைக்கோசிடே என்ற குடும்பமும் பெயர் பெற்றன. ஓநாய் கூட்டமாக வேட்டையாடும், இது ஒண்டிக்கட்டை. துரத்துவதும் உண்டு, ஆனால் பதுங்கிக் கிடந்து ஒரே பாய்ச்சலில் பிடிப்பதும் அதே அளவுக்கு உண்டு. அதோடு நம் தொண்டிப் பக்கத்தில் ஓநாயை யார் பார்த்திருக்கிறார்கள்?

'வலையில்லாச் சிலந்தி' என்றும் யோசித்தேன். சரிப்படாது. விடியற்காலையில் வரப்புப் புல்லில் பனி கோத்த புனல்வலை தெரியுமே, அதைக் கட்டும் ஹிப்பாசா என்ற சிலந்தியும் இந்தக் குடும்பம்தான். 'வேட்டைச் சிலந்தி' என்றால் வீட்டுச் சுவரில் தட்டையாக ஒட்டிக் கிடக்கும் பெரிய சிலந்தியோடு குழம்பும்.

போன வாரம் ராத்திரி தலையில் டார்ச்சைக் கட்டிக்கொண்டு கண்மாய்க் கரையில் நடந்தேன். புல்லுக்குள் பச்சைப் பொட்டாக மினுங்கியது. கீழ் வரிசையில் நான்கு சிறிய கண்கள், நடுவில் இரண்டு பெரியவை, அதற்கு மேல் இரண்டு. அந்தப் பெரிய கண்கள்தான் வெளிச்சத்தைத் திருப்பி அடிக்கின்றன. கிட்டப் போனால் அந்த ஒரு பொட்டைச் சுற்றி இன்னும் பொடிப்பொடியாக மினுங்கல். தாய் முதுகு நிறையக் குஞ்சுகள்! முட்டைப்பையை வயிற்றின் நுனியில், நூல் வரும் இடத்தில் ஒட்டி இழுத்துக்கொண்டே திரியும், பொரிக்கும் நேரத்தில் தானே பையைக் கிழித்துவிடும், குஞ்சுகள் கால் வழியாக ஏறி முதுகில் உட்கார்ந்துகொள்ளும், சில நாள் அப்படியே சவாரி. முட்டைப்பையை வாயில் கவ்வித் திரியும் சிலந்திகள் வேறு குடும்பம். 2,400-க்கும் மேற்பட்ட இனங்கள் உள்ள இந்தக் குடும்பத்துக்கு இப்படிப் பின்னால் இழுத்து முதுகில் சுமப்பதுதான் அடையாளம் என்பதால் 'பிள்ளைசுமப்பான்' என்கிறேன். பஞ்சுருட்டான் என்ற பறவைப் பெயர் மாதிரி வாயில் வரும். பிள்ளை மனிதருக்கு மட்டுமா என்று கேட்காதீர்கள். பறப்பவற்றின் இளமைக்குப் பார்ப்பு, பிள்ளை என்று சொல்லிவிட்டு, தவழ்பவற்றுக்கும் அதுவே என்கிறது தொல்காப்பிய மரபியல்.

—

தம்பி, மரபியலைக் கொண்டுவந்து வாயை அடைத்துவிட்டீர்! ஆனால் தேளும் குஞ்சை முதுகில்தானே சுமக்கிறது? வெறும் 'பிள்ளைசுமப்பான்' என்றால் தேளா சிலந்தியா என்று தெரியாது, 'பிள்ளைசுமப்பான் சிலந்தி' என்று முழுசாகப் போடும். இன்னொன்று, நெல்லைக் கெடுக்கும் புகையான் பூச்சியைத் தின்னும் சிலந்தி என்று திருவாடானைப் பக்கம் வயல்காரர்களிடம் சொல்லும்போது ஓநாய்ச் சிலந்தி என்றே சொல்லிப் பழக்கிவிட்டோம். அதை இப்போது பிடுங்க வேண்டாம். பட்டியலில் உம்முடையதை முதலிலும் பழையதை அதன் பக்கத்திலும் போட்டுவிடுகிறேன். அப்புறம், சுமப்பது தாய் மட்டும்தானே, அதற்கு எதற்கு 'ஆன்'? 'பிள்ளைசுமப்பி' என்றால் என்ன குறைந்துவிடும்?