புதுப்பிப்பு: அம்மாவின் திடீர் படபடப்புக்கு அப்லேஷன் முடிந்தது

உதவிய எல்லாருக்கும் நன்றி. அம்மாவுக்கு நெஞ்சு திடீரென்று படபடக்கிறது, ஹோல்டர் (நாள் முழுதும் இதயத்துடிப்பைப் பதிவுசெய்யும் கருவி) மாட்டிய நாளில் மட்டும் வருவதில்லை, என்ன செய்யலாம் என்று கேட்டிருந்தேன். இங்கே பதில் எழுதிய ஈசூன் அக்கா சொன்ன யோசனைதான் பலித்தது: படபடக்கும்போதே கைக்கடிகாரத்தில் ஈசிஜி எடுத்துவைத்தோம். அதைப் பாலிகிளினிக்கில் காட்டியதும் இதய நிபுணரிடம் அனுப்பினார்கள்.

வந்திருந்தது ஏவிஎன்ஆர்டி என்ற இதயத்துடிப்புக் கோளாறு. இதயத்தின் மேலறைகளிலிருந்து கீழறைகளுக்கு மின்துடிப்பைக் கடத்தும் ஏவி கணுவை ஒட்டி மெதுவான பாதை, வேகமான பாதை என இரண்டு இருந்தால், மின்துடிப்பு அவற்றுக்குள்ளேயே சுற்றத் தொடங்கிவிடும். தொடை இடுக்கின் ரத்தக்குழாய் வழியாகக் கத்தீட்டர் என்ற மெல்லிய குழாயைச் செலுத்தி, மெதுவான பாதையை ரேடியோ அலை வெப்பத்தால் செயலிழக்கச் செய்தார்கள். இதுதான் அப்லேஷன்.

எதிர்பாராத விஷயம் ஒன்று. கோளாறு எங்கே என்று கண்டுபிடிக்க, சிகிச்சையின்போது படபடப்பை வேண்டுமென்றே வரவழைக்கிறார்கள். அம்மா ரொம்பப் பயந்துவிட்டார். வீட்டுப் பெரியவர்களுக்கு இதை முன்கூட்டியே சொல்லிவையுங்கள், தயவுசெய்து.

சிகிச்சையில் ஏவி கணு சேதமானால் பேஸ்மேக்கர் தேவைப்படலாம். நூற்றில் ஒருவருக்கும் குறைவாம். வெப்பத்துக்குப் பதிலாக உறையவைக்கும் கிரையோ முறையில் அந்த அபாயம் இன்னும் குறைவு, ஆனால் படபடப்பு திரும்பும் வாய்ப்பு கூடுதல். அம்மாவுக்கு முடிந்தபின் மறுபடி தூண்டிப் பார்த்தும் வரவில்லை. அப்புறம், செலவுக்கு மெடிசேவ் (சிங்கப்பூரின் மருத்துவச் சேமிப்புக் கணக்கு) பயன்படுத்த முடிந்தது. இப்போது எப்போதாவது ஒரு துடிப்பு தப்பியதுபோல் தோன்றுகிறதாம். ஆரம்பத்தில் அது சகஜம் என்றார் மருத்துவர்.