அறுவைக்கு வர்ற பச்சக்குழந்தைக்கு ஸ்நாப் மதிப்பெண் எதுக்கு?

கத்திமருது:
இனி எங்க யூனிட்ல அறுவைக்குப் போற எல்லாப் பச்சக்குழந்தைக்கும் ஸ்நாப்-2 போட்டு கேஸ் ஷீட்ல எழுதணும்னு சுற்றறிக்கை. உடம்பு எவ்வளவு மோசமோ அவ்வளவு கூடுற மார்க் அது. ரத்த அழுத்தம், உடம்புச் சூடு, ரத்தத்தின் பிஎச் (அமிலத்தன்மை), ஆக்சிஜன் விகிதம், வலிப்பு, சிறுநீர். சேர்ந்த முதல் 12 மணி நேரத்தில் ஒவ்வொண்ணுலயும் எது மோசமோ அதுக்கு மார்க். போன வாரம் உணவுக்குழாய் அடைப்போட ஒரு பெண் குழந்தை, 2.3 கிலோ, மூணு மணி நேரப் பயணம். வந்திறங்கும்போது 34.6 டிகிரி. அதுக்கே 15 மார்க். அந்த 15 குழந்தையோடதா, ஆம்புலன்ஸோடதா?

தொட்டில்டாக்டர்:
யாரு குளிர வச்சா என்ன சார், குளிர்ந்த குழந்தைக்கு ஆபத்து ஆபத்துதானே? மார்க்கைப் பார்த்தாவது சூடேத்திட்டு தியேட்டருக்கு அனுப்புவீங்க.

கத்திமருது:
அதுக்குத் தெர்மாமீட்டர் போதும் தம்பி. உணவுக்குழாய் அடைப்புக்கு 1994லேயே ஸ்பிட்ஸ்ங்கிற குழந்தை அறுவை நிபுணர் ரெண்டே கேள்வி வச்சார்: எடை 1500 கிராமுக்குக் கீழயா, பெரிய இதயக் கோளாறு உண்டா? ரெண்டும் இல்லேன்னா பிழைச்சது 97 சதவீதம், ஒண்ணு இருந்தா 59, ரெண்டும் இருந்தா 22. ஸ்நாப்ல இதயத்தைப் பத்தி ஒரு கட்டமும் இல்லை. குடல் வெளியே வந்து பிறக்கிற குழந்தைக்கு அந்தக் குடல் சிவந்திருக்கா, கறுத்திருக்கான்னும் அது கேக்காது.

தொட்டில்டாக்டர்:
ஸ்பிட்ஸ் கேட்டது பிறக்கும்போதே முடிவான விஷயம். இன்னிக்கு ராத்திரி குழந்தை எப்படி இருக்குன்னு அது சொல்லுமா? உதரவிதானத்துல, அதாவது நெஞ்சையும் வயித்தையும் பிரிக்கிற தசையில, ஓட்டையோட பிறந்த குழந்தையை முன்னெல்லாம் ராத்திரியோட ராத்திரியா தியேட்டருக்குத் தூக்கிட்டு ஓடினீங்க. இப்ப மூச்சும் அழுத்தமும் நிலைச்ச பிறகுதான் தொடுறீங்க. அந்தக் குழந்தைகள்ல ஸ்நாப்-2 கூடக்கூட சாவு கூடுதுன்னு 2005லேயே கனடாவில் காட்டிட்டாங்க.

இரவுப்பணி:
நான் நர்ஸ். டயப்பரை எடை போட்டு, ஒரு கிராமுக்கு ஒரு மில்லின்னு சிறுநீர்க் கணக்கு எழுதுறது நாங்கதான். யாரும் பேசாத ஒண்ணு இருக்கு. ரத்த கேஸ், அதாவது ரத்தத்துல பிஎச், ஆக்சிஜன் பார்க்கிற சோதனை, எடுக்கலேன்னா அந்தக் கட்டத்துக்கு சைபர், அதாவது நார்மல். கேஸ் மெஷின் ரிப்பேரான ராத்திரி வந்த குழந்தை எல்லாம் தாள்ல திடகாத்திரம்!

கத்திமருது:
சிஸ்டர் வாய்க்குச் சர்க்கரை.

தொட்டில்டாக்டர்:
அது எங்க கோளாறு, மார்க்கோட கோளாறு இல்லை. ஆனா மறுக்க முடியல. 2001ல் இதை உருவாக்கினது கனடா, கலிஃபோர்னியா, நியூ இங்கிலாந்து குழந்தைகளை வச்சு. அங்க கேஸ் எடுக்கலேன்னா பெரும்பாலும் எடுக்கத் தேவையில்லைன்னு அர்த்தம். இங்க அப்படியில்லை.

வெயிட்டிங்ஹால்அப்பா:
டாக்டருங்க பேசுற இடத்துல நுழையறேன், மன்னிக்கணும். என் பையனுக்குக் குடல் ஆபரேஷன் அன்னிக்கு ஒரு சின்ன டாக்டர் "ஸ்கோர் 40க்கு மேல"ன்னு சொல்லிட்டு வேகமா போயிட்டாரு. மார்க் கூடினா நல்லதுன்னு நெனச்சு ஊருக்கு போன் போட்டு அம்மாகிட்ட சந்தோஷமா சொன்னேன். ராத்திரி சிஸ்டர்தான் உட்கார வச்சு விளக்கினாங்க. பையன் இப்ப ரெண்டாம் வகுப்பு.

தொட்டில்டாக்டர்:
அண்ணா, அந்த எண்ணை உங்ககிட்ட சொல்லியிருக்கவே கூடாது. அது நூறு குழந்தைகளைச் சேர்த்துப் பார்க்கிற கணக்கு.

கத்திமருது:
சரி, எழுதுறேன். ஆனா பக்கத்துலயே ரெண்டு கட்டம் நானே கோடு போட்டுக்குவேன்: கிளம்பினப்ப எத்தனை டிகிரி, கேஸ் எடுத்தமா இல்லையா. சுற்றறிக்கைல இல்லேன்னு யாராவது கேட்டா இந்தப் பக்கத்தைக் காட்டுறேன்.